காம்பரா என்று ஒரு வகுப்பு இல்லை

“…பேரு தெரியலேன்னா, கையில ஆப்புட்ட வேற புள்ளையத் தூக்கிக் குடுத்து அனுப்பிருவேனா? சொல்லுங்க தம்பி.”

இதைச் சொன்னவருக்குக் கணினி என்றால் கந்தோரில், அதாவது தோட்ட அலுவலகத்தில், துணி போர்த்தி வைத்திருக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்த்துக்கொண்டிருந்தவர். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவருடைய பெயர் வெள்ளையம்மா. தோட்டம் முழுக்க வெள்ளையக்கா. அவர் செய்ய மாட்டேன் என்று சொன்ன அந்த வேலையைத்தான் நான் எழுதிய புரோகிராம் ஏழு வருடமாகச் செய்துகொண்டிருந்தது.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னிடம் வந்து, “அண்ணே, ஒங்க காலத்துக் கதை ஏதாவது சொல்லுங்க” என்று கேட்கிறீர்கள். சிரிக்கிற கதைகள் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். எழுதி வைக்க வேண்டியது இது ஒன்றுதான். இதில் ஆறுதல் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நான் பட்டம் படித்தவன் அல்லன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். கேகாலையில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் அட்டை கிழிந்த ஜாவாப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். “அட்டை இல்லாத பொத்தகம் தம்பி, உள்ளுக்கு என்ன ஈக்குதுன்டு படிச்சாத்தான் தெரியும்” என்றார். படித்தேன். அப்போது தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் கேகாலை அலுவலகத்தில் அட்டை தூக்கி விவரம் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். பதினான்கு தோட்டங்களின் தொழிலாளர் பதிவுகளும் அட்டைகளாக அங்கே அலமாரிகளில் கிடந்தன. அவற்றைக் கணினிக்குள் கொண்டுவர ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். வெளியில் கொடுத்தால் செலவு. “இவன் ஏதோ படிக்கிறானே” என்று என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முந்தி.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சம்பளம் எங்கள் புரோகிராமில் இல்லை. அது அந்தந்தத் தோட்டக் கந்தோரில் கையால் எழுதும் புத்தகத்தில் நடந்தது. எங்களிடம் இருந்தது ஆள் யார், என்ன வேலை, எத்தனை வருடச் சேவை என்பது மட்டும். அதனால்தான் பிழை அத்தனை காலம் மறைந்து கிடந்தது. சம்பளத்தில் கை வைத்திருந்தால் முதல் மாதமே தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் திரண்டு வந்திருக்கும்.

ஜாவா கறாரான மொழி. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு பொருளும் எந்த வகுப்பு, அதாவது எந்த இனம், என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓட விடுவதற்கு முன்பே கொம்பைலர் ஒவ்வொரு பெயரையும் நிறுத்திப் பார்க்கும். இல்லாத வகுப்பின் பெயரை எழுதினால் அங்கேயே திருப்பி அனுப்பும். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பெரட்டுக்களம். விடியற்காலையில் எல்லோரும் வந்து வரிசையில் நிற்க, கங்காணி புத்தகத்தைப் பார்த்துப் பேர் வாசித்து வேலைக்கு அனுப்புகிற இடம். எங்கள் கங்காணி ஒருவர் வாய்ப்பாடு மாதிரி ஒன்று சொல்வார்: “பேரு இருந்தா பெரட்டு, இல்லாட்டி வெரட்டு.” கொம்பைலரும் அந்த ரகம்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பதினான்கு தோட்டங்களிலும் வேலைகள் ஒன்றல்ல. பால் வெட்டு, கொழுந்து, தொழிற்சாலை, காவல், சில்லறை வேலை என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வகுப்பு. சேவைக் காலத்தைக் கணக்கிடும் விதி வேலைக்கு வேலை வேறு. ஒரு புது வேலை வரும்போதெல்லாம் புரோகிராமைத் திறந்து திருத்திக்கொண்டிருக்க முடியாது. அப்போதுதான் அட்டை இல்லாத புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த வித்தையைக் கண்டேன். வகுப்பின் பெயரை வெறும் எழுத்தாக ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். புரோகிராம் ஓடும்போது அந்தப் பெயரை வாசித்து, அந்தப் பெயருள்ள வகுப்பைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு பொருளை உண்டாக்கிக்கொள்ளலாம். பெயரைச் சொன்னால் ஆள் எழுந்து வந்து நிற்கும். அன்று இரவு சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் நான் கவனிக்காத விஷயம் இது. எழுத்தாகிவிட்ட பெயரைக் கொம்பைலர் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கிறவளின் பெயரைக் கங்காணி கேட்பார். அவள் மடியில் முடிந்து வைத்திருக்கும் கடிதத்தை அவிழ்த்துப் படிப்பாரா? அதற்குள் என்ன பெயர் இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. அட்டவணையில் உள்ள பெயர் மடியில் முடிந்த கடிதம். அதைப் பிரிக்கிற நேரத்தில் கொம்பைலர் பக்கத்தில் இருக்காது. நீங்கள்தான் இருப்பீர்கள்.

இனி என் தவறு.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் புரோகிராமைப் பார்க்க வந்த நாள். ரீஜனல் மனேஜர் மாத்தயா புதுச் சட்டையில் நிற்கிறார். ஒரு தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். பாதியில் திரை செத்தது. அப்படி ஒரு வகுப்பு இல்லை என்று வரி வரியாகக் கொட்டியது. யாரோ ‘காவல்’ என்ற இடத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். மாத்தயா சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “இன்னொரு தடவை இது என் முன்னாடி விழுந்தா, நீ பழையபடி அட்டை தூக்கப் போகலாம்.”

தோட்டத்திலிருந்து வந்த முதல் ஆள் நான், அந்தக் கந்தோரில் நாற்காலியில் உட்கார்ந்தவன். அட்டை தூக்கப் போகப் பயம். அன்று மாலையே புரோகிராமுக்குள் ஒரு வலை கட்டினேன். பெயர் கிடைக்காவிட்டால் நிற்காதே, சத்தம் போடாதே. ‘கைக்காசு ஆள்’ என்ற வகுப்பிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே போ. கைக்காசு ஆள் என்றால் பேர் பதியாமல் நாளுக்கு நாள் வந்து போகிறவர். சேவைக் காலம் பூஜ்யம். அதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் சின்ன வகுப்பு அது.

இதற்கும் கொம்பைலர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் சொல்லியிருந்தது, “ஒரு தொழிலாளி வருவார்” என்று மட்டும். கைக்காசு ஆளும் தொழிலாளிதானே? எந்தத் தொழிலாளி என்று அது கேட்கவில்லை. கறாரான மொழி என்கிறோமே, அதன் கறார் அந்த வாசலோடு முடிகிறது.

கேட்ட ஒருத்தர் இருந்தார். கணினிச் சேர்வர் பொருத்துவதற்குக் கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ். என்னை விட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். என் வரிகளைத் திரையில் உருட்டிக்கொண்டே போனவர் அந்த இடத்தில் நின்றார்.

“பேர் கிடைக்காட்டி என்ன நடக்கும்?”

“நிக்காது மிஸ். ஓடிக்கிட்டே இருக்கும்.” பெருமையாகச் சொன்னேன்.

“அதைத்தான் கேக்கிறேன். ஓடிக்கொண்டே இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எது மிஸ்?”

“கிடைக்கேல்லை எண்டு.”

எழுதி வைக்கிறேன் மிஸ் என்றேன். ஒரு கோப்பில் குறித்து வைக்கும் இரண்டு வரி. நாளைக்கு என்று வைத்தேன். பிறகு வேறு வேலை வந்தது. ‘நாளை’ என்று நான் எழுதி வைத்த அந்தக் குறிப்பு ஏழு வருடம் அப்படியே கிடந்தது.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். குழந்தை பார்க்கிற பெண்களுக்கு நான் எழுதிய வகுப்பின் பெயர் ‘க்ரெஷ்’. கம்பனியின் ஆங்கிலக் கடிதங்களில் அப்படித்தான் வரும். எழுத்துக்கூட்டுவதற்கு அகராதி பார்த்தேன். அட்டைகளைப் பார்த்து விவரம் தட்டக் கேகாலைக்கு வந்தவர்கள் அந்தந்தத் தோட்டத்துக் கிளாக்கர்மார். அவர்கள் அகராதி பார்க்கவில்லை. சிங்களக் கிளாக்கரானாலும் தமிழ்க் கிளாக்கரானாலும் தோட்டத்தில் எல்லோர் வாயிலும் வருகிற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். காம்பரா. பதினான்கு தோட்டத்திலும் காம்பரா. ஒருவர்கூடப் பிழை விடவில்லை. பிழையாக எழுதியிருந்தவன் நான் ஒருத்தன்தான்.

நான் எங்கே வளர்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? அதே மாதிரி ஒரு காம்பராவில். கூரையிலிருந்து தொங்கும் சாக்குத் தொட்டிலில். என் வாயில் வந்த முதல் பத்துச் சொற்களில் அது இருந்திருக்கும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தச் சொல் எனக்கு நினைவில் வரவே இல்லை.

ஏழு வருடம் கழித்து ஒரு காலை, கேகாலைக் கந்தோருக்கு ஓர் அம்மா வந்தார். வெளுத்துப்போன சேலை, ரப்பர்ச் செருப்பு, கையில் மடித்த பத்திரிகைத் துண்டுக்குள் பழைய காகிதங்கள். தோட்டத்து ஆட்கள் அங்கே வருவதில்லை. காவலாளி வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார். அவரிடம் சரளமாகச் சிங்களத்தில் வாதாடி உள்ளே வந்துவிட்டார். தமிழ் பேசுகிறவன் நான் ஒருத்தன் என்று என்னிடம் அனுப்பினார்கள்.

“வீட்டு லிஸ்டுல எம்பேரு இல்லீங்க” என்றார். “கோயில் செவத்துல ஒட்டியிருக்காங்க. பன்னெண்டு பேரு. நான் இல்ல. பத்தொம்பது வருசமா பேரு பதிஞ்சு வேல செய்றேன்.”

அந்தத் தோட்டத்தில் மலையை ஒட்டி ஒரு லயம். பின்னால் மண் சரிவு. நிபுணர்கள் வந்து பார்த்து, அது ஆபத்தான இடம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேலே கெட்டித் தரையில் பன்னிரண்டு வீடு கட்டியாயிற்று. அந்த லயத்தில் இருபது குடும்பம். யாருக்கு முதலில் என்றால், பதிந்த ஆட்களில் சேவை கூடினவர்களுக்கு. அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது என் புரோகிராம்.

“செவரு வெடிச்சிருக்கு தம்பி. வெடிப்புல ஒரு நெருப்புக் குச்சி சொருகி வச்சிருக்கேன். மழை பேஞ்ச மறுநாள் போய்ப் பாப்பேன். குச்சி கீழ விழுந்து கெடந்தா வெடிப்பு பெருத்துருச்சுன்னு அர்த்தம். இந்த வருசம் மூணு குச்சி மாத்திட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக் கால் நடக்காது. மண்ணு வந்தா அவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஓடுறது?”

அவருடைய பதிவு எண்ணைத் தட்டினேன். திரையில் வந்தது: கைக்காசு ஆள். சேவை பூஜ்யம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் அப்போது சொன்ன ஒரு வாக்கியத்தை நீங்கள் ஒருநாளும் சொல்லாதீர்கள். “கொம்பியூட்டர்ல அப்படித்தான் அக்கா இருக்கு. தோட்டத்துலதான் பிழையா அனுப்பியிருப்பாங்க.”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அதுக்குள்ள இருக்குறது நான்தானுங்களா?”

“ஒங்க நம்பர்தான்.”

“என்னான்னு எழுதியிருக்கு பேரு?”

வாசித்தேன். “வேலாயம்மா.”

“நான் வெள்ளையம்மா.” ஏதோ கிளாக்கர் எப்போதோ ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் குறைத்திருக்கிறார். “சரி, அத விடுங்க. எந்தப் பேர்ல கூப்புட்டாலும் ஓடியாந்து நிக்கிற சாதி நாங்க. பேரு வேலாயம்மாவா இருந்துட்டுப் போகட்டும். சேவிசு எங்க போச்சு?”

அவர் போன பிறகு அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓய்வு பெறும் வயதில் இருந்த சிங்களக்காரர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். குற்றம் சாட்டும் குரலில்தான் ஆரம்பித்தேன்.

“நான் சரியாத்தானே அடிச்சது மல்லி” என்றார், தம்பி என்பதைச் சிங்களத்தில். “காம்பரா. கே, ஏ, எம், பீ, ஏ, ஆர், ஏ. நாங்க எல்லாம் அப்படித்தானே சொல்றது. நீங்களும் அப்படித்தானே சொல்றது?”

தொலைபேசியை வைத்துவிட்டு அட்டவணையைத் திறந்தேன். காம்பரா என்று தேடினேன். பதினான்கு தோட்டத்திலும் சேர்த்து முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரும் பெண்கள். ஏழு வருடமாக முப்பத்தொரு பேரையும் பெயர் கிடைக்காதவர்களாக எடுத்து, கைக்காசு ஆளாக மாற்றி, சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட விழவில்லை. மாத்தயா என்னைப் பல தடவை பாராட்டியிருக்கிறார், “இவன் புரோகிராம் விழவே விழாது” என்று.

காம்பரா என்று ஒரு பெயரைச் சேர்த்து அதை ‘க்ரெஷ்’ வகுப்போடு இணைத்தேன். ஐந்து நிமிட வேலை. மறுபடி அவருடைய எண்ணைத் தட்டினேன். பத்தொன்பது வருடமும் வந்து திரையில் நின்றது. அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன. கூப்பிட ஆள் இல்லை.

நான் அன்றே மாத்தயாவிடம் ஒத்துக்கொண்டேன். இதையாவது சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் பயன் ஒன்றும் இல்லை. அவர் சொன்னார்: “பட்டியலில் கம்பனி கையெழுத்து வச்சாச்சு, தொழிற்சங்கம் வச்சாச்சு, அரசாங்க ஆட்கள் வச்சாச்சு. பிழை நம்முடையதுன்னு நான் எழுதித் தர முடியாது. எழுதினா பதினான்கு தோட்டத்திலயும் எல்லாப் பட்டியலையும் கேப்பாங்க.” பிறகு, அந்தத் தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்துரையிடம் பேசிப் பார் என்றார்.

சின்னத்துரை கெட்டவர் அல்லர். “பன்னெண்டு வீடு, பன்னெண்டு பேரு. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்” என்றார். “அந்த அம்மாவே முறைப்பாடு எழுதிக் குடுக்கட்டும். யாரோட இடத்தைக் கேக்குறாங்கன்னு பேர் போட்டுக் குடுக்கணும். இல்லாட்டி வீட்டுக் கமிட்டி அதைக் கையில எடுக்காது.” அதற்கு ஒரு படிவம் தேவைப்பட்டது. அடித்துக் கொடுத்தவன் நானே. ‘எவருடைய இடத்துக்கு’ என்று ஒரு கட்டம். அதை விட்டுவிட்டு அடித்திருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன். கமிட்டி திருப்பி அனுப்பியிருக்கும். அனுப்பட்டுமே.

கடைசி இடத்தில், பன்னிரண்டாவது பெயராக இருந்தவள் சுமதி. பால் வெட்டுகிறவள். ஐந்து வருடச் சேவை. அதே லயத்தில், வெள்ளையக்காவின் வீட்டுக் காம்பராவிலிருந்து (லயத்து அறைக்கும் அதே பெயர்தான்) மூன்று தள்ளி இருந்தாள். அவளுக்குப் பின்னாலும் அதே மண்.

இங்கே நிறுத்தி, பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

அந்தப் படிவம் கமிட்டிக்குப் போயிற்று. பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கமிட்டி கலைந்துவிட்டது என்றார்கள். ஆனால் பதில் தராத கந்தோர் ஒரு வேலை செய்தது. சுமதியைக் கூப்பிட்டு, “ஒன் வீட்ட இந்தம்மா கேக்குறாங்க, நீ என்ன சொல்ற?” என்று படிவத்தைக் காட்டி விசாரித்தது. மறுநாளிலிருந்து அவள் தன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு பால் வெட்டும் மலைக்குப் போனாள் என்று கேள்வி. பன்னிரண்டு குடும்பமும் மேலே குடியேறின. வெள்ளையக்காவின் லயத்தில் எட்டுக் குடும்பம் மிஞ்சியது. லயத்தில் பாதிக்கு மேல் காலியாகி, காலியான காம்பராக்களின் கூரை ஓடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மழை உள்ளே இறங்கி அந்தச் சுவர்கள் ஊற ஆரம்பித்தன.

நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை டீ கொடுத்தார். இரண்டாம் தடவை, “நீங்க வந்தா ஏதோ நடக்கப் போகுதுன்னு அவரு எந்திரிச்சு உக்காருறாரு தம்பி. வராதீங்க” என்றார். கணவரைச் சொன்னார். அதற்குப் பிறகு போகவில்லை.

மண் இன்னும் வரவில்லை. அதுதான் செய்தி. வந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம் என்று நினைக்கிற கேவலமான நாட்கள்கூட உண்டு. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் நான் காலை ஆறு மணிச் செய்தியை வானொலியில் கேட்கிறேன். இரத்தினபுரி, கேகாலை என்று மாவட்டங்களின் பெயரை வாசிப்பார்கள். பிறகு ஊர்ப் பெயர்கள். அந்தத் தோட்டத்துப் பெயர் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முகம் கழுவுவேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பெரட்டு எனக்கு முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெயரைக் கொண்டு பொருளை உண்டாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வித்தை அது. பெயர் கிடைக்காவிட்டால் விழட்டும். பெரியவர்கள் முன்னால் விழட்டும். புதுச் சட்டை போட்டவர்கள் முன்னால் விழட்டும். நீங்கள் அட்டை தூக்கப் போங்கள். “பேரு இருந்தா பெரட்டு, இல்லாட்டி வெரட்டு” என்று அந்தக் கங்காணி சொன்னதைச் சின்ன வயதில் கொடுமை என்று நினைத்தேன். வெரட்டப்பட்டவள் அங்கேயே நின்று, அவர் பரம்பரையையே இழுத்துச் சண்டை போடுவாள். பெரட்டே நின்றுபோகும். ஏதோ பிழை என்று ஊருக்கே தெரியும். நான் யாரையும் வெரட்டவில்லை. எல்லோரையும் உள்ளே விட்டேன், வேறொருத்தியாக.

இனி அந்த நாள். படிவத்தை எடுத்துக்கொண்டு நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போன நாள். பகல் பன்னிரண்டு இருக்கும், பால் சேர்த்துக்கொண்டு பெண்கள் இறங்கி வருகிற நேரம். இருபது பிள்ளைகளுக்கு மேல். பாதித் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. வெள்ளையக்காவின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவன், வாயில் விரல் போட்டபடி.

படிவத்தைப் படித்துக் காட்டினேன்.

“யாரு எடத்துக்குன்னு போடணுமா?”

“ஆமாக்கா.”

“யாரு கடேசி?”

“சுமதி.”

அவர் இடுப்பிலிருந்த பையனைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் சுமதியின் பிள்ளை. “ரொஷான்” என்று அவனிடம் சொன்னார், என்னிடம் சொல்வது போல.

கொஞ்ச நேரம் ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தார். “சரி, இது எப்படி ஆச்சுன்னு மட்டும் எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க. நான் மத்தவங்ககிட்டச் சொல்லணுமில்ல.”

சொன்னேன். காம்பராங்குற பேரு அதுக்குத் தெரியலக்கா. தெரியலேன்னா சும்மா நிக்காம வேற ஒரு ஆளக் குடுத்துருன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன்.

“நீங்களா?”

“நான்தான்.”

“வேணும்னா?”

“இல்லக்கா. நின்னுபோனா தொரை ஏசுவாரேன்னு.”

அவர் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கில் வந்த காற்று. “இங்க பாருங்க. வாசல்ல ஒருத்தி வந்து நின்னு ஒரு பேரச் சொல்றா. எனக்கு வெளங்கல. திருப்பிக் கேப்பேன். அப்பயும் வெளங்கலேன்னா கதவச் சாத்திட்டு, கங்காணிக்குக் கேக்குற மாதிரிச் சத்தம் போடுவேன். தொரை ஏசுனா ஏசிட்டுப் போறாரு. அத விட்டுட்டு, பேரு தெரியலேன்னா, கையில ஆப்புட்ட வேற புள்ளையத் தூக்கிக் குடுத்து அனுப்பிருவேனா? சொல்லுங்க தம்பி.”

நான் படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

அவர் ரொஷானை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். பால்மா டின்கள் அடுக்கியிருந்த மேசையில் ஓர் இடம் ஒதுக்கிப் படிவத்தை விரித்தார். பேனா மூடி பையனின் கைக்குப் போனது. ‘எவருடைய இடத்துக்கு’ என்ற கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். சுமதி. பிழையில்லை. அதற்குக் கீழே தன் பெயருக்கான கட்டத்தில் பேனா நின்றது.

“எந்தப் பேரு? எங்கம்மா வச்சதா, ஒங்க மிசின்ல இருக்குறதா?”

“மிசின்ல இருக்குறது” என்றேன்.

வேலாயம்மா என்று எழுதினார். வெளியே பால் வாளி சத்தம் கேட்டது. சுமதி வாசலில் வந்து நின்று, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். வெள்ளையக்கா பையனின் கையிலிருந்து பேனா மூடியை வாங்கி என்னிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்தார். “ரொஷான்” என்று ஒரு தடவை பேர் சொல்லி, அவனை அவளிடம் நீட்டினார்.